சினோரா வீட்டு மணி

"சாதகம் பொருந்தீட்டுது. பொடியனுக்கும் விருப்பம். எண்டாலும் ஏனோ என்ரை மனம் ஓம் எண்டு சொல்லுதில்லை," என்று போனில் இழுத்தாள் தவமலர்.

ஞானம்பிகையின் மகள் லக்ஷனாவுக்கு வந்த சம்பந்தமெல்லாம் இப்படி இழுபட்டுத்தான் அறுந்துபோனது. பல்லரோச் சந்தையில் கடை வைத்திருக்கும் சுஜனைப்போல ஒரு மாப்பிள்ளை, பலெர்மோ முழுக்கச் சலித்தாலும் இனிக் கிடைக்கமாட்டான். ஞானம்பிகை வேலைவீட்டுக் குசினி துடைப்பதை நிறுத்தினாள்.

"எங்கை நிக்கிறியள்? வேலையிலையோ?" என்றாள் சுஜனின் தாய் தவமலர்.

"ஓம் அக்கா. வால்ரஸ் ஆராய்ச்சி செய்யிற இத்தாலி அம்மா, எங்கடை சினோரா வீட்டை."

"அதென்ன சாமான்?"

"பனிக்கடல் மிருகம். மாட்டிலும் பெரிசு, யானைக்கு மாதிரி ரெண்டு கொம்பு. எத்தினை மிஞ்சியிருக்கெண்டு சினோராதான் கணக்குப் பாக்கிறா. அதை வைச்சுத்தான் வேட்டைக்காரரை விடுறதோ மறிக்கிறதோ எண்டு முடிவாம். கிட்டப் போகவும் ஏலாதாம். வெருண்டு ஓடினால் தங்கடை குட்டியளையே உழக்கிச் சாக்காட்டிப்போடுமாம்."

"ஐயோ பாவம்! பிறகு?"

கல்யாணத்தை விட்டிட்டு வால்ரஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே இந்த மனுசி! ஞானம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, பிள்ளையளின்ரை விசயம்... நல்ல முடிவாச் சொல்லுங்கோவன்."

அந்த நேரம் பார்த்து, சினோரா உள்ளே பூட்டிக்கொண்டு இருந்த அறைக்குள் மணி அடித்தது. கணீர், கணீர் என்று நிதானமாக அடித்தது.

போனில் தவமலரின் குரல் தழுதழுத்தது.

"மணிச் சத்தமெல்லே கேக்குது! நீங்கள் கேட்டு வாய் மூடேல்லை, அடிச்சிட்டுது. கடவுளே ஓம் எண்டாப் பிறகு மறிக்க நான் ஆர்? ஆவணியிலை வைப்பம், சம்பந்தி."

ஞானம்பிகைக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தேவாலயப் பக்கமே தலைகாட்டாத சினோரா, அறைக்குள் சத்தம்போடாமல் பூசை செய்கிறாளா! என்ன பக்தி! பல்கனியில் மல்லிகை ஆய்ந்து, வாழைப்பழத்தோடு தட்டில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. உள்ளே சாமியும் இல்லை, மணியும் இல்லை. கணினியும் ஒரு ஸ்பீக்கரும்தான் இருந்தன. ஸ்பீக்கருக்குள் இருந்து கணீர், கணீர்.

"கடலுக்கடியில் மைக் போட்டிருக்கிறோம், சத்தத்தை வைத்துத்தான் எண்ணுவது," என்றாள் சினோரா. "இது ஒரு ஆண் வால்ரஸ். மணி மாதிரிக் கத்தித்தான் பெண் தேடும். பாவம், எத்தனையோ வருடமாகக் கத்துகிறது, இன்னும் ஒன்றும் சரிவரவில்லை."