பிளானில் ஒரு நீலக் கோடு

எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். முன்னே பின்னே மாற்றிச் சொல்லி, தப்பு பக்கத்து மனைக்காரர் கலீல் மேல் என்று நீங்கள் நினைத்துவிடப் போகிறீர்களே என்று பயமாக இருக்கிறது. அதனால் பைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் அவரவர் வீட்டிலேயே குழி வெட்டி விட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் குழிக்கு இடமில்லை. காம்பவுண்டு வரை கட்டிவிட்டோம். சுவரில் ஓட்டை போட்டு, பைப்பைப் பக்கத்துக் காலி மனையில் விட்டோம்.

பதினோரு வருஷமாக அப்படித்தான்.

பொத்தேரியில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் கலீல் அந்த மனையை வாங்கினார். ரோட்டிலிருந்து நாலடி உயர்த்தி, மண் கொட்டி வீடு கட்டப்போகிறாராம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மண் விழுந்தால் பைப் மூடிக்கொள்ளும். அத்தனை தண்ணீரும் திரும்பி எங்கள் சமையலறைக்குத்தான் வரும்.

இதை வெளியே சொல்ல முடியுமா?

எங்கள் தெரு நலச் சங்கச் செயலாளர் ராஜாராமன் சார் ஆட்சேபணை மனு எழுதிக்கொண்டு வந்தார். நாலடி உயர்த்தினால் மழைக்குத் தெருவே குளமாகிவிடும் என்று மனுவில் இருந்தது. வாய் சொன்னது வேறு.

"நம்ம தெருவுக்கு இதெல்லாம் செட் ஆகாதும்மா."

எது செட் ஆகாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே கலீல் வந்தார். கையில் சுருட்டிய பிளான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. உங்க பக்கத்துச் சுவர் விஷயமா ஒண்ணு கேக்கணும்."

பைப்பைக் கண்டுபிடித்துவிட்டார், சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டைத் திறக்காமலே, வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஷிப்டில் இருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றேன். அவரிடம் சொல்லவேயில்லை. இன்னொரு நாள் கலீல் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெல் மூன்று முறை அடித்தது. டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சியிலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரும் மனையில் நின்றோம். அவர் டேப் பிடித்து அளந்தார். ராஜாராமன் சார் மழை, வெள்ளம் என்று பத்து நிமிஷம் பேசினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"உயரம் விதிக்குள்ளதான் இருக்கு சார். உங்க வீட்டுக்கே ஆறு படி ஏறணும் போல இருக்கே."

ராஜாராமன் சார் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அதிகாரி கார் பானெட்டின் மேல் பிளானை விரித்தார். ஒரு ஓரத்தில், எங்கள் சுவரை ஒட்டி, நீல மையில் ஒரு கோடு ஓடியது.

"இது என்ன லைன்? உங்க வீட்டுப் பைப் எல்லாம் அந்தப் பக்கம்ல போகுது?"

கலீல் கொஞ்சம் தயங்கினார்.

"பக்கத்து வீட்டுத் தண்ணி சார். நான் மண்ணு கொட்டினா அவங்களுக்கு அடைச்சுக்கும். அதான் புதுசா பைப் போட்டு எங்க குழியில சேத்துக்கலாம்னு வரையச் சொன்னேன். அவங்க சம்மதம் கேக்கத்தான் ரெண்டு தடவை போனேன்."



அதிகாரி கீழே குனிந்து, ஈர மண்ணைப் பார்த்தார். அடுத்தவர் மனையில் கழிவுநீர் விடுவது குற்றம், நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். கலீல் அவசரமாக, நான் புகார் ஒன்றும் கொடுக்கவில்லையே சார் என்றார். அதிகாரி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுத் தண்ணியாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். கலீல் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாராமன் சாரும் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஏழு பேரும்தான்.

"இல்லைங்க சார். அது பழைய பைப்பு. எங்க தண்ணி இந்தப் பக்கம் வர்றதே இல்லை."

அதிகாரி கலீலைப் பார்த்தார். கலீல் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

அப்படியானால் இந்த லைன் தேவையில்லை என்று அதிகாரி சிவப்புப் பேனாவால் நீலக் கோட்டின் மேல் குறுக்கே அடித்து, பக்கத்தில் கலீலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமையே மண் அடித்துக்கொள்ளலாம் என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீரை வெளியே தள்ளுகிற நேரம். அடுப்பில் பால் இருக்கிறது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, உள்ளே ஓடி சுவிட்சை அணைத்தேன்.