ஐந்தாவது பெட்டி

"வண்டி சுரங்கத்துக்குள்ள நுழையுது" என்று வாக்கி-டாக்கியில் சொன்னாள் ரயில் ஓட்டுநர்.

இரண்டு நொடி கழித்து அதே வார்த்தைகள் திரும்பி வந்தன. வேறு குரலில்.

"வண்டி... சுரங்கத்துக்குள்ள... நுழையுது..."

எதிரொலி இல்லை. தொண்டையில் மண்ணை அடைத்துக்கொண்டு பேசுவது மாதிரி ஓர் ஆண் குரல்.

கன்ட்ரோல் ரூமில் பதில் சொல்கிற பெண்ணின் குரல் வரவே இல்லை. "சரி... போகலாம்..." என்று சொன்னதும் அதே குரல்தான்.

ஒரு நாள் இல்லை, ஒரு வாரமாக இதே கதை.

"ஆறு மாசம் முன்னாடி தண்டவாள வேலை பார்த்த டிராக்மேன் ஒருத்தன் அடிபட்டுச் செத்தானே, அதே சுரங்கம்தான்" என்று ஓய்வறையில் மற்ற ஓட்டுநர்கள் கிசுகிசுத்தார்கள்.

"பேயோ மனுஷனோ, என் வண்டியில எண்ணூறு பேர் இருக்காங்க" என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ரேடியோ கருவிகளுக்குப் பொறுப்பான ரேடியோ இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "பேயாவது பிசாசாவது! எவனோ கொழுப்பெடுத்து விளையாடுறான்மா. கையும் களவுமாப் பிடிச்சு வீட்டுக்கு அனுப்பறேன், நீங்களும் வாங்க."

மறுநாள் காலை பத்து மணி. பராமரிப்புக்காக ஒரு தடத்தை நிறுத்தியிருந்தார்கள். இருவரும் டார்ச்சோடு சுரங்கத்துக்குள் நடந்தார்கள். பக்கத்துத் தடத்தில் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

சுரங்கத்துக்குள் ரேடியோ தானாக எட்டாது. சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பூஸ்டர் பெட்டிகள்தான் வருகிற குரலை வாங்கி, பலப்படுத்தி, அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும்.

நாலாவது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஐந்தாவதில் எதுவும் எரியவில்லை.

"பல்பு போயிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போது வந்தது அந்தக் குரல். "வண்டி... நுழையுது..."

இந்த முறை இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, அவள் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி. இன்னொன்று, பத்தடி தூரத்து இருட்டு.

அவள் டார்ச்சை அடித்தாள்.

சுவரில் ஆள் ஒதுங்கி நிற்பதற்காக விட்டிருந்த குழிவில், வாயோடு வாக்கி-டாக்கியை ஒட்டிவைத்துக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஆபரேட்டர்.

"மாட்டினியா! ரேடியோ உனக்கு விளையாட்டுச் சாமானா?" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"விளையாடல சார்." பம்ப் ஆபரேட்டருக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. "அஞ்சாவது பெட்டி ஆறு மாசமாவே மக்கர், போன வாரம் முழுசாச் செத்துப்போச்சு. அந்தப் பக்கம் பேசுறது இந்தப் பக்கம் வராது. இந்த இடத்துல உக்காந்தா மட்டும் ரெண்டு பக்கமும் லேசாக் கேக்கும். அதான், கேக்கறதைத் திருப்பிச் சொல்றேன்."

"உன்னை யாருய்யா சொல்லச் சொன்னது?"

"இங்க செத்தது என் தங்கச்சி புருஷன். அன்னிக்கு ரேடியோவுல என்னைத்தான் கூப்பிட்டிருக்கான். எனக்கு வெறும் இரைச்சல்தான் வந்துச்சு."

வாக்கி-டாக்கி கரகரத்தது. அடுத்த வண்டி. பம்ப் ஆபரேட்டர் வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது.

அவள் அவர் கையிலிருந்த வாக்கி-டாக்கியை வாங்கினாள். "வண்டி சுரங்கத்துக்குள்ள நுழையுது" என்று திருப்பிச் சொன்னாள். கன்ட்ரோல் ரூம் பதிலையும் சொல்லி முடித்தாள்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "பெட்டி கெட்டுப்போச்சுன்னா முறைப்படி எழுதிக் குடுக்கணும். இப்படியா பூதம் மாதிரி உக்காந்திருக்கறது?"

"மூணு தடவை குடுத்தேனே சார்." சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினார்.

அவள் பிரித்துப் படித்தாள். மூன்றுக்கும் ஒரே பதில்: "சுரங்கத்துக்குள் நேரில் சென்று சோதித்தேன். ஐந்தாவது பெட்டி நன்றாக இயங்குகிறது."

"யார் சார் இது, நேர்ல வந்து பார்த்தது?" என்று கேட்டாள்.

பம்ப் ஆபரேட்டர் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கீழ இந்த சாரோட கையெழுத்துதாம்மா இருக்கு."