கேஸ் இல்லாத ஊடு

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்த குணா, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை மனைவியிடம் நீட்டினான்.

"எட்டாயிரத்து நானூறு. போன பில்லவிட ஜாஸ்தி."

இளமதிக்கு அழுகை முட்டியது. சமையலுக்கும் கரண்ட், வெந்நீருக்கும் கரண்ட் என்று கேஸ் இணைப்பே இல்லாத ஃபிளாட் அது. இந்த இரண்டு மாதமும் அவர்கள் ஏசியைத் தொடவில்லை. பிள்ளையைப் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினாள். காலையில் ஆக்கியதையே ராத்திரிவரை சாப்பிட்டார்கள்.

"இன்னும் இன்னாத்த நிறுத்தறது? சோறாக்கறதையா?"

எதிர் ஃபிளாட் பூவராகவனுக்கோ பில் ஆயிரத்து ஐநூறைத் தாண்டியதில்லை. போன தடவையே குணா வெட்கத்தை விட்டு அவரிடம் வழி கேட்டிருந்தான்.

"பார்த்துச் செலவு பண்ணணும் தம்பி. உங்க வயசுல யாருக்கு அந்தப் பொறுப்பு இருக்குது?" என்றார் அவர். அன்றிலிருந்து வீட்டில் சண்டை ஓயவில்லை.

தெரிந்த எலெக்ட்ரீஷியன் போனில் சொன்னபடி, வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுக் குணா கீழே இறங்கினான். படிக்கட்டுக்கு அடியில், அவன் ஃபிளாட் எண் எழுதிய மீட்டரில், கரண்ட் ஓடுவதைக் காட்டும் விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. எங்கோ கரண்ட் கசிகிறது என்று பயந்து அதன் மெயினை இறக்கினான். சிமிட்டல் நின்றது.

"இளமதி, லைட்டப் போட்டுப் பாரு," என்று கீழிருந்தே குரல் கொடுத்தான்.

"எரியுதுங்க."

அதற்குள் எதிர் ஃபிளாட் கதவு திறந்தது. பூவராகவன் வெற்றுடம்போடு மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"குணா, உங்க ஊட்ல கரண்ட் இருக்குதா? இங்க மூணு ஏசியும் நின்னுபோச்சு."