மவுஸ் சத்தம்

மத்தியான வெயிலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புருஷன் அய்யப்பனுக்கு இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து ஜெயசுதா ஆடிக்கொண்டிருக்கிறாள். மூன்று பாகம் கொண்ட புதையல் விளையாட்டு. பக்கத்தில் உட்கார்ந்து அய்யப்பன் சொல்லச் சொல்ல அவள் கை போகிறது. பங்காளி வீட்டுச் சாவுக்குப் பாடை தூக்கப் போன இடத்தில், வழக்கம்போல் நீட்டிய பாக்கெட் சாராயத்தைக் குடித்துக் கண்ணைப் பறிகொடுத்தவன் அவன். கூடத் தூக்கிய இரண்டு பேர் பிழைக்கவில்லை. திரையில் இப்போது வெறும் கறுப்பு. “ஒன்னுமே தெரியலீங்க.” “அப்டித்தான் இருக்கும். இடது பக்கமா செவுத்த தடவிக்கினே போ. முட்டி ஒசரத்துல ஒரு விளக்கு இருக்குது.” அம்புக்குறி தடவித் தடவி நகர்கிறது. விளக்கு பற்றிக்கொள்கிறது. திரையின் மஞ்சள் வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிறது; விரியத் திறந்த கண்கள் இமைக்கவில்லை. வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று சுவரை அதிரவைத்துப் போகிறது. அது போகட்டும் என்று காத்திருந்து பேசுகிறான். “மூணாம் பாகம் வந்துடுச்சா? இதுக்கு மேல நான் பாத்ததில்ல ஜெயா. நீதான் பாத்து சொல்லணும். வெளிய போக வழி இருக்குதா?” லேப்டாப்பைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் முகத்தை நீட்டியிருக்கிறான். திரையில் நாலு பக்கமும் கல்சுவர். கதவே இல்லை. “இருக்குதுங்க” என்கிறாள். நடந்து போவதுபோல அவனுக்குக் கேட்கட்டும் என்று, வெறும் சுவர்மேல் மவுஸை அழுத்திக்கொண்டே இருக்கிறாள்.