தாமதத்துக்குக் காரணம்

"கெடு தாண்டினா என்ன, தலையா போயிடும்? நான் இருக்கேன், வா" என்று சொல்லித்தான் மனு அக்கா பக்கத்து வீட்டு மருமகளைப் பேறுகாலப் பணம் தரும் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தெருவில் யாருக்கு எந்த அலுவலகத்தில் வேலை என்றாலும் மனு எழுதிக் கொடுப்பது அவள்தான். அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். அவள் எழுதித் தோற்ற மனு கிடையாது என்பது அவளே பரப்பிய செய்தி, பெரும்பாலும் உண்மையும்கூட.

அந்தப் பெண்ணுக்கு இந்தப் பணம் வந்தே ஆக வேண்டும். வந்தால் இன்னும் கொஞ்ச நாள் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் திங்கட்கிழமையே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் போய் நிற்க வேண்டும்.

மனு கொடுக்க வேண்டிய கெடு தாண்டியதற்கு யார் காரணம் என்பதில் மனு அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. மாமியார்தான்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த வாரமே அந்த அம்மாள் மூட்டு வலி என்று படுத்துவிட்டாள். விசாரிக்கப் போனவர்களை வாசலிலேயே நிறுத்தி, தன்னால் முடியவில்லை, மருமகள்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லி அனுப்பினாள். வாரம் தவறாமல் மகனும் மருமகளும் வாடகைக் காரில் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதைத் தெருவே பார்த்தது. பச்சை உடம்புக்காரியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு அலைகிறாளே என்று முதலில் சொன்னது மனு அக்கா. பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அந்த மாமியாரும் இப்போது கூடவே வந்திருந்தாள், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு. வர வேண்டாம் என்று மனு அக்கா தடுத்துப் பார்த்தாள். படுத்தே பழகின உடம்புக்கு பஸ் ஒத்துக்காது என்றுகூடக் குத்திக்காட்டினாள். அந்த அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மனுவை வாங்கி நிதானமாகப் படித்தாள். மாமியார் வேலை வாங்கிய கொடுமையை மனு அக்கா பக்கம் முழுக்க உருகி உருகி எழுதியிருந்தாள். படிக்கிற யாருக்கும் கண் கலங்கும் என்று அவளுக்கு நம்பிக்கை.

அதிகாரிக்குக் கலங்கவில்லை.

கெடு தாண்டினாலும் மனுவை ஏற்க வழி இருக்கிறது என்றாள். ஏன் தாமதம் என்று எழுதி, அதற்கு ஆதாரம் வைத்தால் போதும்.

"ஆனா பிள்ளை பெத்தவங்களுக்கே முடியாம இருந்திருக்கணும். மாமியாருக்கு முடியலைங்கறதை நான் ஏத்துக்க முடியாதும்மா."

மனு அக்கா விடுவாளா. வேலை செய்து செய்தே இவளுக்கும் உடம்பு போய்விட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றாள். அப்படியானால் எந்த டாக்டர், என்ன வைத்தியம் என்று அதிகாரி கேட்டாள். மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமியார் முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருந்தா. என் காலாலதான் எல்லாம் கெட்டுச்சு. பணம் போனா போகுது. நீ எழுந்திரும்மா, வீட்டுக்குப் போகலாம்."

மனு அக்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் பேசியதை முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"பெத்த மகளா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா? அவ பணம். போனா போகுதுன்னு சொல்ல நீங்க யாரு?"

மாமியார் பேத்தியின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகள்தான் பேசினாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"அக்கா, அத்தையைத் திட்டாதீங்க. படுத்துக் கிடந்தது அவங்க இல்ல, நான்."

மனு அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பிள்ளை பெத்ததுல இருந்து எனக்கு ஒரே அழுகை. ஏன்னு எனக்கே தெரியல. குழந்தையைத் தூக்கக்கூட பயமா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனது என் மனசுக்கு வைத்தியம் பாக்கத்தான். ராத்திரி பகலா பிள்ளையைப் பாத்துக்கிட்டது அத்தை." அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "இப்ப நான் நல்லா இருக்கேன் மேடம். டாக்டர் சான்றிதழ் தருவாங்க. எனக்குத்தான் முடியலைன்னு நானே எழுதறேன்."

வேண்டாம் என்று மாமியார் ஜாடை காட்டினாள்.

"காய்ச்சல் வந்தா வெளிய சொல்றதில்லையா அத்தை? இதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல" என்றாள் மருமகள்.

இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை, சான்றிதழோடு வந்தால் தானே கையெழுத்துப் போடுவதாக அதிகாரி சொன்னாள். புதுத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் மருமகள் எழுதத் தொடங்கினாள்.

மனு அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமியாரின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பக்கத்து வீட்டுல இருக்கேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நீங்க ஏன் பழியைத் தலையில போட்டுக்கிட்டீங்க?"

அந்த அம்மாள் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"மருமகளுக்கு மனசு சரியில்லைன்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு தெருவே ஆயிரம் கேள்வி கேக்கும். மாமியார் சரியில்லைன்னா ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."