ஏழாம் எண் குடும்பம்

சமூகவியல் பேராசிரியருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆறு பதிப்பு கண்ட அவருடைய தேர்வுக் கையேட்டையே தப்பு என்கிறாள் ஒருத்தி! மாலை வகுப்பு மாணவி. திருத்திய விடைத்தாளை அவர் மேஜைமேல் விரித்துவிட்டு, நகர மாட்டேன் என்று நின்றாள்.

"மூணு மார்க்ல ஃபெயிலாக்கிட்டீங்க சார்."

"கேள்வி என்ன?"

"ஏழாம் எண் குடும்பத்தின் மூத்த மகள் ஏன் படிப்பை நிறுத்தினாள்?"

"கைடுல என்ன போட்டிருக்கேன்?"

"பெற்றோருக்கு அக்கறையில்லைன்னு."

"நீ என்ன எழுதியிருக்கே?"

"ஸ்கூலை ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. பாலம் கிடையாது. அவங்கப்பா மூணு மாசம் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. அப்புறம் அவர் முதுகு போயிடுச்சு."

"நல்லா கதை விடறே! வீடு வீடா நானே போய் ஆய்வு பண்ணி எழுதினதும்மா அது. நீ என்ன கூட இருந்து பார்த்தியா?"

"பார்த்தேன் சார். எங்க கதவுல நீங்கதான் சாக்பீஸால ஏழுன்னு போட்டீங்க. பெரியவங்க எழுதினது, ஏதோ நல்லது நடக்கும்னு அப்பா அதை அழிக்கவே விடல. உங்களுக்கு டீ கொண்டாந்து கொடுத்த மூத்த பொண்ணு நான்தான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையேட்டைப் புரட்டினார். விடைத்தாளைப் பார்த்தார். பிறகு அதை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"உன் குடும்பத்தைப் பத்தி உனக்குத் தெரிஞ்சிருக்கலாம்மா. ஆனா பரீட்சையில கேட்டது ஏழாம் எண் குடும்பத்தைப் பத்தி!"