முன்சக்கர ஆட்டம்

"வேகத்தைக் குறைக்கும்போதுதான் ஹேண்டில்பார் உதறுதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு," என்றாள் பிரேமலதா.

அரியமங்கலம் பட்டறையின் மெக்கானிக் மாதவன் தலையசைத்தான். "ஓட்டிப் பாத்துட்டேங்க. கையை விட்டுட்டு ஸ்லோ பண்ணாக்கூட ஆடல. டயர், ஃபோர்க், பேரிங் எல்லாம் சுத்தமா இருக்கு."

அவள் முகம் வாடியது. "இன்னொரு தடவை பாருங்களேன். ஏதாவது தேஞ்சிருக்கும்."

"செலவு வைக்கலேன்னு வருத்தப்படுற கஸ்டமர் நீங்கதாங்க!" என்று சிரித்தான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கணவரின் பின்னால் உட்கார்ந்து வந்த வழியெல்லாம், கோளாறு வண்டியில்தான் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்தாள். அங்கே கணவர் இளவரசனின் கையில் கிளாஸ் நடுங்கி, டீ சட்டையிலெல்லாம் சிந்திக்கொண்டிருந்தது. மாதவனும் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"என்னவாம்?" என்று அங்கிருந்தே கேட்டார் இளவரசன்.

"பேரிங்தான் போயிடுச்சுங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்," என்றாள் பிரேமலதா.

"ஆமா சார், பார்ட்ஸ் வர நாளாகும்," என்று மாதவன் சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.